சுரோதோ பெயரில் ஒரு சொட்டு

எங்கள் ஊரில் வயிற்றுப் பிள்ளைக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு, பல்லுப்போன கிழவருக்கும் ஒரு வரி உண்டு. மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை காலையில் ஊர்ப் பொதுக்கூடத்தில் போஸ்யாந்து என்கிற சுகாதார முகாம் நடக்கும். மொத்தம் ஐந்து மேசை. ஒன்றில் பெயர் எழுதுவார்கள், அடுத்ததில் எடையும் அளவும் எடுப்பார்கள், மூன்றாவதில் அதைப் பதிவார்கள், நாலாவதில் புத்தி சொல்வார்கள், ஐந்தாவதில் நர்ஸ் உட்கார்ந்திருப்பாள். முன்பெல்லாம் கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் மட்டும்தான். இப்போது எல்லா வயதுக்கும் என்று ஆக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பெண்களுக்கு இரும்பு மாத்திரை, நடுவயதுக்காரர்களுக்கு இடுப்பளவும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும், வயதானவர்களுக்குக் கை கால் அசைக்கிற பயிற்சி. வியாதி வீட்டுக்குள் வந்த பிறகு விரட்டாதே, வாசலிலேயே நிறுத்து என்பதுதான் எல்லாவற்றின் சாரமும்.

என் பெயர் வினார்சி. பதினொரு வருடமாக அங்கே தொண்டராக இருக்கிறேன். நாலாவது மேசை என்னுடையது, அதாவது ஊருக்கு உபதேசம் செய்கிற மேசை. தேநீரில் சர்க்கரையைக் குறை, பொரித்ததைக் குறை, நட, புகையை விடு. இதை ஒரு காலை வேளையில் நாற்பது தடவை சொல்வேன். சொல்லி முடித்துவிட்டு, உள்ளே போய், கிளாசில் மூன்று கரண்டி போட்ட தேநீரைக் குடிப்பேன். ஜாவாவில் சர்க்கரை இல்லாத தேநீர் கொடுத்தால் அந்த வீட்டில் ஏதோ சண்டை என்று அர்த்தம்.

எங்கள் தலைவலியே ஆண்கள்தான். வர மாட்டார்கள். பெண்டு பிள்ளைகள் சமாச்சாரம் என்று வாசலோடு போய்விடுவார்கள். அதிலும் தொண்டர்கள் வீட்டு ஆண்கள் முதலில் வரவேண்டும் என்று விதி. என் கணவர் சுரோதோ தண்ணீர் பம்பு மெக்கானிக். மின்சாரம் ஓடுகிற கம்பியை வெறுங்கையால் தொடுவார், ஊசியைக் கண்டால் ஓடுவார். சின்ன வயதில் சுன்னத்துக்கு நாள் குறித்தபோது இரண்டு நாள் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்திருந்தவர். மூன்று மாதமாக அவர் பெயருக்கு எதிரே வெற்றிடம். கைபேசிச் செயலியில் அது சிவப்பாகக் காட்டும். அந்தச் சிவப்பை எல்லாத் தொண்டர்களும் பார்ப்பார்கள்.

முன்பு இதெல்லாம் சுலபம். சர்க்கரை நூற்றைந்து, நூற்றுப் பத்து என்று மனதில் பட்டதை எழுதிவிடுவோம். தொண்டர்கள் எங்கள் ஐந்து பேருடைய எண்ணையும் அப்படித்தான் எழுதினோம். ஊராரைப் பார்த்து முடிப்பதற்குள் சோதனைப் பட்டை தீர்ந்துபோகும், எங்களுக்கு யார் குத்துவது? அந்த வருடம் ஜனவரியில்தான் புது விதி வந்தது. கருவியில் தெரிகிற எண்ணைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஆக, எண்ணில் பொய் சொல்ல முடியாது. விரலில் சொல்லலாம்.

மார்ச் மாத வியாழக்கிழமை முடிகிற நேரத்தில் ஒரே ஒரு பட்டை மிச்சம் இருந்தது. என்னோடு இருந்த தொண்டர் ரெத்னோ கை கழுவப் போயிருந்தாள். நான் சுரோதோ பெயரைத் திறந்து, என் விரலைக் குத்தி, ஒரு சொட்டை வைத்தேன். கருவி ஐந்து, நாலு, மூன்று என்று இறங்கியது. 286 என்று நின்றது.

எனக்கு முதலில் கருவி கெட்டுவிட்டதாகத்தான் தோன்றியது. அதற்குள் ரெத்னோ தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டாள். யாருடையது என்று கேட்டாள். என் கணவர், இப்போதுதான் பின்வாசல் வழியாக வந்துவிட்டுப் போனார் என்றேன். அவளே படம் எடுத்தாள், அவளே அனுப்பினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். நல்லவள்தான். ஆனால் ரெத்னோவின் காதில் விழுந்தது மசூதி ஒலிபெருக்கியில் விழுந்தது மாதிரி.

மத்தியானத்துக்குள் அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சுரோதோ வேலை பார்த்த வீட்டில் அவருக்கு வெறும் வெந்நீர் கொடுத்திருக்கிறார்கள். பொரித்த வாழைப்பழத் தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்தே விட்டார்களாம். மனிதர் கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உங்கள் கட்டம் காலியாக இருந்தது, யாருடைய ரத்தத்தையோ வைத்து நிரப்பினேன் என்று சொன்னேன். யாருடையது என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. முந்நூறு பேருக்குப் பயப்படாதே என்று சொன்ன வாய் அது. வெளியே சொன்னால் என் வேலை போகும், பதினொரு வருட மானமும் போகும் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, சரி, ஒரு மாதம் நோயாளி வேஷம் போடுகிறேன் என்றார்.

ஒரு மாதம் கழித்து சுகாதார நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். உறுதி செய்ய மறுபடி குத்த வேண்டும். அவரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். எண் 97.

நர்ஸ் ஹெஸ்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் கூட ஆகாத பெண். மருந்தே இல்லாமல் 286 எப்படி 97 ஆனது என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று சுரோதோவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தினமும் நடந்தேன், சாலாம் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தேன் என்றார். சாலாம் இலை எங்கள் வீட்டுக் குழம்பில் போடுவது. அதைத் தண்ணீரில் போட்டு அவர் ஒரு நாளும் குடித்ததில்லை.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய்க்கு ஊரெல்லாம் கால் முளைத்தது. சுரோதோ சிரித்துக்கொண்டிருக்கிற பெரிய படத்தை அச்சடித்துச் சுகாதார நிலையச் சுவரிலும் எங்கள் பொதுக்கூடத்திலும் ஒட்டினார்கள். பம்பு ரிப்பேருக்குப் போகிற இடத்தில் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். எத்தனை இலை, எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். அவரும் ஏழு இலை, மூன்று கிளாஸ் ஒரு கிளாசாகச் சுண்ட வேண்டும் என்று நாளுக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக அவர் பேசினால் நாலு பேர் காது கொடுத்தார்கள். அந்த ருசி சர்க்கரையைவிடக் கெட்டது.

இதில் எனக்குத்தான் அதிகச் சிக்கல். ஏனென்றால் ஆண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரே வியாழக்கிழமையில் முப்பத்தோரு பேர். சுரோதோவே குத்திக்கொண்டாரே, நமக்கென்ன என்று வரிசையில் நின்றார்கள். அதில் நாலு பேருக்கு நிஜமாகவே ரத்த அழுத்தம் எக்கச்சக்கம், சரியான நேரத்தில் கண்டுபிடித்தோம். பதினொரு வருடமாக நான் தொண்டை கிழியக் கத்தி நடக்காதது, ஒரு சொட்டுப் பொய்யில் நடந்துவிட்டது. இதை எந்த முகத்தோடு உடைப்பேன்?

என் சொந்த எண்? அந்த 286-க்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. தேநீரில் சர்க்கரையை நிறுத்தினேன். தாகம் எடுத்தது. எடை குறைந்தது. துணிக்கடைக்காரி, என்ன பு, இளைத்துப் போய் அழகாகிவிட்டீர்கள் என்றாள். எங்கள் பேச்சில் அம்மா என்பதற்கு பு, ஐயா என்பதற்கு பாக். வெட்கமில்லாமல் சிரித்தேன்.

துமிராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள், என்னைவிட ஆறு வயது மூத்தவள். நான் அவளை யூ என்பேன், அவள் என்னை டிக் என்பாள், அக்கா தங்கை மாதிரி. காலைச் சந்தையில் பெச்செல் விற்பாள், அவித்த கீரைக்கு மேல் கடலைச் சட்னி ஊற்றி. அவளுக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை உண்டு. நாலாவது மேசையில் உட்காரவைத்து, கெஞ்சி, திட்டி, மாத்திரை சாப்பிட வைத்தவள் நான்தான். ஜூன் மாதம் ஒரு நாள் மத்தியானத் தொழுகைக்கு மசூதிக் குழாயடியில் கால் கழுவ வந்தாள். காலுறையைக் கழற்றியபோது பக்கத்தில் நின்ற எனக்கு வாடை அடித்தது. இடது காலின் சுண்டுவிரலில் புண், ஓரம் கறுத்திருந்தது. மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டேன்.

"அதெல்லாம் நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு டிக். உன் வீட்டுக்காரர் சொன்ன இலைத் தண்ணிதான் குடிக்கிறேன். அவருக்கு ஒரே மாசத்துல எறங்கிச்சு. எனக்குப் பழைய சர்க்கரை, கொஞ்சம் மெதுவாத்தான் எறங்கும்."

அது வேண்டாம் யூ, மாத்திரைக்குத் திரும்பிவிடு, இந்தக் காலை டாக்டரிடம் காட்டு என்றேன். அவள் சிரித்தாள். உன் வீட்டு மருந்தை நீயே வேண்டாம் என்கிறாயா என்றாள். தினமும் போய்ச் சொன்னேன். தினமும் அதே சிரிப்பு.

புண்ணைப் பார்த்த அன்று சாயங்காலமே சுரோதோவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த ரத்தம் என்னுடையது, சர்க்கரை எனக்கு, துமிரா கால் அழுகுகிறது. அவர் என் விரலை எடுத்து, எங்கே குத்தினேன் என்று தேடுகிற மாதிரி பார்த்தார்.

"அடுத்த மாசம் மாவட்டத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்க பு. என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. அது ஒண்ணு முடியட்டும். மறுநாளே உன்னை நான் டவுனுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

"அடுத்த மாசம் வரைக்கும் துமிரா காலு இருக்குமா?"

மறுநாள் ஹெஸ்தியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கை மேலே போய்விட்டது பு, படம் எட்டுக் கிராமத்துக்குப் போய்விட்டது, இப்போது பொய் என்றால் என் வேலை என்ன ஆகும் என்று அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே என் பொய்தான் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

அந்த மாதத்துப் போஸ்யாந்து வியாழக்கிழமை வந்தது. கூடம் நிரம்பியிருந்தது. தராசுத் தூளியில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. ஐந்து மாத கர்ப்பிணி ஒருத்தி என் மேசையில் உட்கார்ந்து, எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, இப்போதே இலைத் தண்ணீர் குடித்தால் எனக்கு வராது அல்லவா என்று கேட்டாள். சுரோதோ வாசலருகே ஆண்களுக்குச் செய்முறை சொல்லிக்கொண்டிருந்தார். துமிரா செருப்பை இழுத்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் எழுந்தேன்.

அன்றைக்கு என் கணவர் இங்கே வரவே இல்லை, அவர் பெயரில் வைத்தது என் ரத்தம், அவருக்குச் சர்க்கரை இருந்ததும் இல்லை, இறங்கியதும் இல்லை, இலையால் யாருக்கும் எதுவும் குணமாகவில்லை, மாத்திரையை நிறுத்தினவர்கள் இன்றைக்கே திரும்ப ஆரம்பியுங்கள் என்று சொன்னேன். குரல் நடுங்காமல்தான் சொன்னேன். அப்பாடா என்று இருந்தது.

பின்னாலிருந்து ஒருவர், வீட்டு ரகசியம் வெளியே போய்விட்டதென்று பு வினார்சிக்கு வருத்தம் போல என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். ரெத்னோ பதறினாள். நான்தானே படம் எடுத்தேன், நான்தானே அனுப்பினேன் என்றாள். பொய் என்றால் அவளும் பொய்க்காரி ஆகிவிடுவாள் அல்லவா? அவள்தான் வாசல் பக்கம் திரும்பினாள்.

"பாக் சுரோதோ, நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு நீங்க வந்தீங்கதானே?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அவரைச் சுற்றி நின்ற முப்பது ஆண்களையும் பார்த்தார்.

"வந்தேன்," என்றார். "பின்வாசல் வழியா வந்தேன். இவதான் குத்தினா."

இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்த மனிதர். அந்த நேரத்தில் அவரை வெறுத்தேன். வேறு எப்படிச் சொல்ல? ரெத்னோவிடமிருந்து கருவியைப் பிடுங்கி, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் என் விரலைக் குத்தினேன். 318. இதைப் பாருங்கள் என்று தூக்கிக் காட்டினேன். என் ஒரே சாட்சி அந்த எண்தான்.

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். துமிரா நொண்டி நொண்டி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அடிப் பாவமே. ஊருக்கெல்லாம் பாத்துப் பாத்து உன்னைக் கவனிக்காம விட்டுட்டியே டிக். முந்நூறு தாண்டினா மனசு கூடக் குழம்பும்னு நீதானே எங்களுக்குச் சொன்னே? அதான் என்னென்னவோ பேசறே."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆமாம், சர்க்கரை தலைக்கேறிவிட்டது. அதே வீட்டில் இருந்துகொண்டு இவள் இலைத் தண்ணீர் குடிக்கவில்லை, அதுதான் என்று ஒருத்தி விளக்கமும் சொன்னாள். என் உண்மையை எடுத்து என் பொய்க்கே முட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஹெஸ்தி என் முகத்தைப் பார்க்காமல், நாளைக் காலையில் சுகாதார நிலையத்துக்கு வந்துவிடுங்கள் பு என்று சீட்டு எழுதினாள்.

துமிராவின் கை இன்னும் என் தோளில் இருந்தது. குழாயடியில் அடித்த வாடை இப்போதும் அடித்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அழுதபடியே கேட்டேன்.

"எனக்குப் பயமா இருக்கு யூ. தனியாப் போக முடியாது. கூட வர்றியா?"

"இதுக்குப் போய் அழுவாங்களா? வர்றேன்," என்றாள். "கூடைய நாளைக்கு யாராவது பாத்துப்பாங்க."

நான் சொன்னதில் பாதிதான் பொய். மறுநாள் சந்தைக்குப் போகாமல் எனக்குத் துணையாக வந்தாள். டாக்டர் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுடைய காலுறையைப் பார்த்தார். கழற்றச் சொன்னார். என் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வண்டி வரவழைத்தார். சனிக்கிழமை சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் பாதம் போயிருக்கும் என்றார்கள். நான் கட்டிலருகே உட்கார்ந்து, இதெல்லாம் என்னால்தான் யூ என்றேன். இல்லை டிக், நான்தான் சில நாள் ஏழு இலைக்கு அஞ்சு இலை போட்டுவிட்டேன் என்றாள்.

அந்த வியாழக்கிழமை ராத்திரி சுரோதோ வீட்டில் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் பு, வேறு வந்துவிட்டது என்றார். மாவட்டக் கூட்டத்தில் பேசினார். இப்போது பக்கத்து ஊர்களிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். என்னுடைய தேநீரைச் சர்க்கரை இல்லாமல் அவரே போட்டுக் கொடுக்கிறார். குடிக்கிறேன். பேச்சு குறைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த துமிரா, கொடுத்த மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டு மறுபடி அடுப்பில் இலையைப் போட்டாள். அதட்டினேன், கேட்கவில்லை. மறுநாள் காலையில் என் மாத்திரையை எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்குப் போய் உட்கார்ந்தேன். விழுங்கவே பயமாக இருக்கிறது யூ, தொண்டையில் நிற்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. நாலாவது மேசைக்காரிக்கு மாத்திரை என்றால் பயமா என்றாள்.

"இரு. நானும் ஒண்ணு போடறேன். என்னைப் பாத்துக்கிட்டே முழுங்கு."

போட்டாள். நானும் போட்டேன். உனக்குத் துணைக்காகத்தான், எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று சொல்லித் தண்ணீர் குடித்தாள்.

நாலு மாதமாக இப்படித்தான் போகிறது. அவள் எண் இறங்கியிருக்கிறது, இலையால் என்கிறாள். எனக்கு மாத்திரை பழகி, பயம் எப்போதோ போய்விட்டது. ஆனால் அது தெரிந்த அன்றைக்கு அவள் நிறுத்திவிடுவாள். அதனால் தினமும் காலை ஆறரை மணிக்கு, கையை நடுங்க வைத்துக்கொண்டு அவள் வீட்டுப் படியேறுகிறேன்.